கெண்டைக்கால்: காலில் இருக்கும் மீன்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடற்பயிற்சி பற்றி நான்கு மொழிகளிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். தமிழ்ப் பகுதியில் 'கன்று தசையை நீட்டவும்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் காலின் பின்சதைக்கும் பசுவின் கன்றுக்கும் 'காஃப்' என்றே பெயர். ஆனால் காலைக் குறிக்கும் 'காஃப்' வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியின் 'கால்ஃபி' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தத் தாளைப் படித்ததும் மனசு சங்கடப்பட்டது. நம்மிடம்தான் கெண்டைக்கால் என்ற அருமையான சொல் இருக்கிறதே!

முழங்காலுக்குக் கீழே, பின்புறம் திரண்டிருக்கும் பகுதிதான் கெண்டைக்கால். ஆடுசதை என்றும் சொல்வார்கள். கெண்டை என்றால் ஒரு வகை மீன். திரண்ட சதை என்ற பொருளும் உண்டு. நடுவில் பருத்து வால் பக்கம் ஒடுங்கும் மீனின் வடிவத்தால் வந்த பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. குதிகாலைத் தூக்கி நின்று கண்ணாடியில் பாருங்கள், உங்களுக்கும் அப்படித்தான் தெரியும். கண்ணுக்குக் கெண்டை விழி என்று உவமை சொன்னவர்கள் நாம்.

மற்ற மொழிக்காரர்கள் அதே சதையில் வேறொன்றைக் கண்டார்கள். மேலே தெரியும் பெரிய தசைக்கு மருத்துவப் பெயர் காஸ்ட்ராக்னீமியஸ். கிரேக்கத்தில் அது 'காலின் வயிறு'. நம் அண்டை வீட்டுச் சீனர்களும் கெண்டைக்காலைச் 'சின்னக் காலின் வயிறு' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு அடியில் சோலியஸ் என்ற தட்டையான தசை இருக்கிறது. லத்தீனில் 'சோலியா' என்றால் செருப்பு. தட்டையான ஒரு மீனுக்கும் அதுவே பெயர். ஆக, லத்தீன்காரர்களின் காலிலும் ஒரு மீன் இருந்திருக்கிறது!

இந்த இரண்டு தசைகளும் கீழே ஒன்றுசேர்ந்து, அக்கிலீஸ் நாண் என்று நாம் கேள்விப்படும் குதிநாணாகிக் குதிகால் எலும்பில் போய்ப் பொருந்துகின்றன. உடம்பிலேயே தடித்த நாண் இதுதான். கெண்டைக்கால் சுருங்கும்போது இந்த நாண் குதிகாலை மேலே இழுக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நடப்பது இதுதான். அதோடு, காலில் தேங்கும் இரத்தத்தை இதயம் நோக்கி மேலே தள்ளுவதிலும் கெண்டைக்காலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கணுக்கால் வேறு, கணைக்கால் வேறு. கரும்புக்கும் மூங்கிலுக்கும் கணு இருப்பதுபோல, காலும் பாதமும் சேரும் மூட்டு கணுக்கால். அதற்குக் கீழே ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி கணைக்கால். சேர மன்னன் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான். அதைக் கணுக்கால் என்று எழுதுபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

சரி, கடைசியாக ஒரு சொல். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து படுத்தால், நடுராத்திரியில் கெண்டைக்கால் கல்லுபோல இறுகிவிடும். 'கிராம்ப்' என்போம். குரக்குவலி என்பது அதற்கான தமிழ், பேச்சில் கொரக்களி. அப்போது முழங்காலை நீட்டியபடி, கால்விரல்களை உங்கள் பக்கம் மெல்ல இழுத்துப் பிடியுங்கள். மேல்தசையான காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பிலிருந்தே தொடங்குகிறது. முழங்காலை மடக்கினால் அது தொய்ந்துவிடும், இழுவை கிடைக்காது. நீட்டிப் பிடித்தால் கெண்டை கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.