உட்விண்ட் என்றால் துளைக்கருவி
புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், சாக்ஸபோன் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து மேற்கத்திய இசையில் உட்விண்ட் என்பார்கள். உட் என்றால் மரம், விண்ட் என்றால் காற்று. இத்தாலியர்கள் இன்னும் சுருக்கமாக லெஞ்ஞி, அதாவது 'மரங்கள்' என்றே சொல்லிவிடுகிறார்கள். ஓபோ என்ற பெயரும் 'உரத்த ஒலியுள்ள மரம்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பெயர் வைத்த காலத்தில் இருந்தவை பெரும்பாலும் மரம்தான். அப்புறம் ஜெர்மன் புல்லாங்குழல் கலைஞர் தியோபால்ட் போம் 1847-இல் உருளை வடிவ உலோகப் புல்லாங்குழலைக் கொண்டுவந்தார். பெல்ஜியக் கருவி செய்பவர் அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை வாங்கிய சாக்ஸபோனோ பிறக்கும்போதே பித்தளை. அப்படியும் இரண்டும் உட்விண்ட்தான், ஏனென்றால் இங்கே கணக்கு எதில் செய்தது என்பதில் இல்லை, ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது. பித்தளைக் கருவிக் குடும்பத்தைச் சேர்ந்த டிரம்பெட்டில் வாசிப்பவரின் உதடே அதிர்கிறது. புல்லாங்குழலில் வாய்த்துளையின் விளிம்பில் மோதும் காற்றும், மற்றவற்றில் ரீட் என்ற மெல்லிய நாணல் பட்டையும் அதிர்கின்றன. ஸ்வரத்தை மாற்றுவது துளைகளைத் திறந்து மூடித்தான்.

இதைத் தமிழில் 'மரக்காற்றுக் கருவி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. மரத்திலிருந்து வீசும் காற்று என்றுதான் முதலில் தோன்றும், கருவியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நம்மிடம் துளைக்கருவி என்ற சொல் எப்போதோ இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் குழல் செய்ய மூங்கில், சந்தனம், கருங்காலி, செங்காலி ஆகியவற்றோடு வெண்கலத்தையும் சேர்த்தே சொல்கிறார்! உலோகத்தில் செய்தாலும் பெயர் இடறவே இடறாது. சங்கும் கொம்பும் கூடத் துளைக்கருவிக்குள் வருமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். பித்தளைக் கருவிகளிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'விரல்துளைக் கருவி' என்று எழுதினால் போதும். ரீடுக்குச் சீவாளி என்ற சொல் நாகஸ்வரக்காரர்களிடம் தினமும் புழங்குவது, ஓபோவின் இரட்டை ரீடுக்கு அது அப்படியே பொருந்தும்.

பியானோவுடன் சேர்த்து மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு கச்சேரி உருப்படி எழுத உட்காருகிறவருக்கு இந்தச் சொல்லில் வேலை இருக்கிறது. பியானோவில் கட்டையை அழுத்திக்கொண்டே இருக்கலாம், துளைக்கருவிக்காரர் மூச்சு வாங்கியாக வேண்டும். ஓபோவில் சிக்கல் நேர் எதிராக வரும்: சீவாளியின் வாய் மிகக் குறுகல், உள்ளே போகிற காற்று கொஞ்சம், அதனால் நெஞ்சில் பழைய காற்று தேங்கிவிடும், அதை வெளியே விட்டுவிட்டுத்தான் புதிய மூச்சை இழுக்க முடியும், அதற்கு நேரம் வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1849 டிசம்பரில் ஓபோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய மூன்று ரொமான்ஸ்கள், அதாவது பாட்டுப்போன்ற சிறு உருப்படிகள், அத்தனை அழகு, ஆனால் ஓபோவுக்கு ஓய்வே அரிது, அதனால்தான் ஓபோக்காரர்கள் இன்றும் அவற்றைப் பார்த்துத் தயங்குகிறார்கள். எட்டு பாருக்கு (தாளில் கோடு போட்டுப் பிரிக்கும் தாளக் கட்டம்தான் பார்) ஒருமுறையாவது மெட்டைப் பியானோவிடம் கொடுத்துவிடுங்கள். வாசிப்பவருக்கு மூச்சும் கிடைக்கும், பியானோவும் வெறும் பக்கவாத்தியமாக நிற்காது.

கிளாரினெட் என்றால் துளைகளைப் பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும். கீழ்ப்பகுதி முடிந்து மேல்பகுதி தொடங்கும் இடத்தில், கிட்டத்தட்ட எல்லாத் துளைகளும் திறந்திருக்கும் ஒரு ஸ்வரத்திலிருந்து எல்லாவற்றையும் மூடும் அடுத்த ஸ்வரத்துக்கு ஒரே நொடியில் தாவ வேண்டியிருக்கும். மாணவருக்கு எழுதும்போது வேகமான மெட்டை அந்த எல்லையில் முன்னும் பின்னுமாக ஓடவிடாதீர்கள். அப்புறம் பி-பிளாட் கிளாரினெட்டுக்குத் தாளில் எழுதும் ஸ்வரம் ஒரு முழுப்படி கீழே ஒலிக்கும், எனவே பியானோ சி மேஜரில் இருந்தால் கிளாரினெட் தாளில் டி மேஜர் இருக்க வேண்டும்.

அளவுக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி 1910-இல் பாரிஸ் கன்சர்வட்டோயர் என்ற இசைக் கல்லூரியின் கிளாரினெட் தேர்வுக்காக எழுதிய பெத்தித் பியேஸைக் ('சிறு உருப்படி') கேளுங்கள். பார்த்தவுடன் வாசிக்க வைக்கும் சோதனைக்கு எழுதியது, ஒன்றரை நிமிடம்தான் வரும், அதற்குள் முழுமையாக ஒரு மெட்டு இருக்கிறது.