மார்டர் ஏன் கார் வயரைக் கடிக்கிறது?

ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ கார் வைத்திருக்கும் நம்மவர்களிடம் 'மார்டர்' என்று சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள். அது ஒரு காட்டு விலங்கு. பூனை அளவு, நீண்ட உடல், புசுபுசு வால், தொண்டையில் வெள்ளைத் திட்டு. நம் நீலகிரி மார்ட்டெனுக்கு உறவு. இரவில் பானட்டுக்குள் புகுந்து வயரையும் ரப்பர் குழாயையும் கடித்து வைத்துவிடும். ஜெர்மனியில் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் இப்படிக் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கில் ஏறுகின்றன.

பசிக்காகக் கடிப்பதில்லை. மார்டருக்கு எஞ்சின் அறை ஒரு கதகதப்பான பொந்து. உள்ளே படுத்துத் தன் வாசனையைப் பூசிவிட்டுப் போகும், அவ்வளவுதான். நாம் அந்த வண்டியை ஓட்டிப்போய் வேறு ஊரில் ஓர் இரவு நிறுத்தும்போதுதான் வம்பு. அந்த இடத்தைத் தன் எல்லையாக வைத்திருக்கும் மார்டர் உள்ளே வந்தால் முகர்வது அந்நிய மார்டரின் வாசனை. ஆத்திரம் முழுவதும் வயர் மேல் இறங்குகிறது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் எல்லைச் சண்டை உச்சத்தில் இருக்கும், சேதமும் அப்போதுதான் அதிகம். வண்டி கிளம்பாமல் நின்றால்கூடப் பரவாயில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குழாயில் ஊசிப் பல் போட்ட ஓட்டை நெடுஞ்சாலையில்தான் தெரியவரும்.

ஆகவே முதல் மருந்து கழுவுவது. பணிமனையில் சொல்லி எஞ்சின் அறையைச் சுத்தமாகக் கழுவி, பழைய வாசனையைப் போக்க வேண்டும். பிறகு வயர்களுக்குக் கடினமான பிளாஸ்டிக் உறை. இன்னும் உறுதியான வழி, மேய்ச்சல் நிலத்து மின்வேலி போல வேலை செய்யும் சிறு உலோகத் தகடுகள். ரோமத்தில் மின்சாரம் பாயாது என்பதால், பாதமோ மூக்கோ படும் இடத்தில் பொருத்துவார்கள். சுரீரென்று ஓர் அதிர்ச்சி, காயம் இல்லை. நாய் முடி, கழிவறை வாசனைக் கட்டி எல்லாம் சில நாள்தான், பழகிவிடும்.

பிடித்து எங்காவது விட்டுவிடலாமே என்று தோன்றும். ஜெர்மனியில் இது வேட்டைச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு, உரிமம் இல்லாதவர் கைவைக்க முடியாது. நெதர்லாந்தில் பாதுகாக்கப்பட்ட இனம். சட்டத்தை விடுங்கள், காலியான எல்லைக்கு இன்னொரு மார்டர் வந்துவிடும். வந்தவன் பழையவனின் வாசனையை முகர்ந்தால் என்ன நடக்கும் என்று இப்போது நமக்குத் தெரியும்.

வீட்டுப் பரணில் குடியிருந்தால் பொறுமை வேண்டும். ஐந்தாறு சென்டிமீட்டர் சந்து அதற்குப் போதும். சந்தேகமான இடத்தில் மாவு தூவி வைத்தால் காலையில் கால்தடம் வழியைக் காட்டும். அது இரை தேடிப் போன இரவு நேரத்தில் கம்பி வலையால் அடைக்க வேண்டும். ஆனால் மார்ச் முதல் கோடை முடியும்வரை அடைக்கவே கூடாது. கோடையில் இணைசேர்ந்தாலும் கரு பல மாதம் வளராமல் காத்திருந்து, குட்டிகள் மார்ச், ஏப்ரலில்தான் பிறக்கின்றன. அப்போது அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினியால் செத்துப்போகும். வெளியே மாட்டிக்கொண்ட தாயோ குட்டிகளிடம் போகக் கூரையையே பிய்த்துப் பார்க்கும்.