சூரியகாந்தி ஏன் பொக்கு வைக்கிறது?

நன்கு முற்றிய சூரியகாந்தித் தலையின் நடுப்பகுதியிலிருந்து சில விதைகளை எடுத்து விரல்களுக்கிடையே அழுத்தினால், அவற்றில் சில எளிதில் நசுங்கிவிடும். ஓடு இருக்கும், பருப்பு இராது. கடும் வெப்பம், நீர்க்குறைவு, சத்துக்குறைவு ஆகியவற்றாலும் இப்படிப் பொக்கு உண்டாகலாம். ஆனால் பூத்த நாட்களில் தேனீக்கள் போதிய அளவு வராமற்போனதும் ஒரு பெருங்காரணம் என்பது பலரது கவனத்துக்கு வருவதே இல்லை.

நாம் ஒரே பூவென்று நினைப்பது நூற்றுக்கணக்கான, பெரிய தலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட, சிறு பூக்களின் கூட்டம். விளிம்பிலுள்ள மஞ்சள் இதழ்கள் விதை தராத மலட்டுப் பூக்கள். வட்டத்தட்டில் நெருக்கமாக நிற்கும் குழல் வடிவப் பூக்களே விதையாகின்றன. அவை வெளிவளையத்தில் தொடங்கி, நாளுக்குச் சில வரிசைகளாக உள்நோக்கி மலர்கின்றன. ஒவ்வொரு சிறு பூவும் முதலில் மகரந்தத்தை வெளியே தள்ளுகிறது. சூலகமுடி அதற்குப் பின்னரே இரண்டாகப் பிரிந்து மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. பிறிதொரு செடியின் மகரந்தம் வந்து சேர்வதற்கு இக்கால இடைவெளி வழிவிடுகிறது. ஆயினும் சூரியகாந்தியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. அதைக் காற்று தொலைவுக்குக் கொண்டுசெல்வதில்லை. தேன் தேடி வரும் தேனீயின் உடல் மயிர்களில் ஒட்டிக்கொண்டுதான் அது அடுத்த செடிக்குப் போகிறது.

எவரும் வராவிட்டால், சூலகமுடியின் இரு பிளவுகளும் பின்னோக்கிச் சுருண்டு, தன் பூவின் மகரந்தத்தையே தொட முயல்கின்றன. இன்றைய வீரிய ஒட்டுரகங்கள் பலவற்றில் இதனால் ஓரளவு விதை பிடிக்கும் என்றாலும், பூச்சிகள் தாராளமாக வந்துபோன வயலில் பருப்பு நிறைந்த விதைகள் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். முற்றிய தலைகள் கிழக்கு நோக்கி நிற்பதிலும் இதே நோக்கம் தெரிகிறது. மேற்கு நோக்கித் திருப்பி வைக்கப்பட்ட தலைகளைவிட, காலை வெயிலில் விரைவாகச் சூடேறும் கிழக்குத் தலைகளுக்கு ஐந்து மடங்கு வரை பூச்சிகள் வந்ததாக 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

எல்லா எண்ணெய்வித்துகளும் இப்படிப் பூச்சியை எதிர்பார்ப்பதில்லை. நிலக்கடலை பெரும்பாலும் மூடிய இதழ்களுக்குள்ளேயே தன்மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்கிறது. ஆமணக்குக்குக் காற்றே பெரிதும் உதவுகிறது. இதற்கு நேர்மாறாக, பேயெள்ளும் கடுகுக் குடும்பத்தின் சில இனங்களும் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை.

பூச்சியின் பங்கை மிகத் தெளிவாகக் காட்டியது எண்ணெய்ப்பனை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அம்மரத்துக்கு மலேசியத் தோட்டங்களில் ஆட்களைக் கொண்டு கையால் மகரந்தம் தூவவேண்டியிருந்தது. அதன் தாயகத்தில் அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்பதைப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கண்டறிந்தார். 1981இல் கேமரூனிலிருந்து வருவிக்கப்பட்ட வண்டுகள் விடப்பட்டபின், குலைகளில் காய்ப்பிடிப்பு உயர்ந்து, கையால் தூவும் வேலையே தேவையற்றுப்போனது. ஆண் பூங்கொத்தில் உண்டு முட்டையிடும் அவ்வண்டுகள், அதையொத்த மணத்தை வீசும் பெண் பூங்கொத்துக்கும் ஏமாந்து செல்கின்றன; செல்லும்போதே மகரந்தத்தையும் கொண்டுசேர்க்கின்றன.

ஆகவே, பூக்கும் நாட்களில் பூச்சிக்கொல்லியைத் தவிர்ப்பதே விளைச்சலுக்கு நல்லது. தவிர்க்கவே முடியாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, அந்தி வேளையில் தெளிக்கவேண்டும். மறுநாள் காலையில் அவை அதே பூக்களுக்கு வரும் என்பதால், செடியில் நெடுநேரம் நஞ்சாக நிற்கும் மருந்தை அந்தியில் அடித்தாலும் கேடு குறையாது.