அந்தி வெயிலில் மேயும் மாடுகளைப் படமெடுப்போர் கவனத்துக்கு

காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடுகளில் மேயும் மாடுகளைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். இப்போதெல்லாம் பொழுது சாயும் வேளையில் கேமராவுடன் இட்டேரிகளில் (வேலிகளுக்கு இடைப்பட்ட தடங்களில்) வந்து நிற்கும் இளைஞர்களைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால், அவர்களுள் சிலர் படலைத் திறந்துகொண்டு நேரே மாடுகளை நோக்கி நடக்கும்போது மனம் பதறுகிறது.

கொறங்காடு பொதுநிலம் அன்று. கிளுவை முள்வேலிக்குள் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாக ஒரு குடும்பம் பேணிவரும் மேய்ச்சல் காடு அது. மேய்ப்பவர் இல்லாமலேயே மாடுகள் அங்கு மேய்வதால், நம்மால் அவை மிரண்டால் அடக்க அருகில் ஆள் இருப்பதில்லை. ஆகவே, உரியவரிடம் கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

மாட்டின் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால், நேர் பின்புறம் நீங்கலாக ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். பின்னாலிருந்து நெருங்காமல், அதன் பார்வையில் படும்படி பக்கவாட்டில் மெல்ல நடக்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கிக் காதுகளை நம் பக்கம் திருப்பினால், அதுவே நமக்கு எல்லை. அங்கேயே அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் அது மீண்டும் புல்லுக்குக் குனியும், 200 மி.மீ. லென்ஸ் இருந்தால் அந்தத் தொலைவே போதும்.

தொழிலுக்கு வந்த புதிதில், ஒளி மங்கிவிட்டதென்று ஃபிளாஷைப் போட்டேன். கன்றோடு நின்ற, சாம்பல் கலந்த வெண்ணிற மயிலைப் பசு ஒன்று துள்ளி ஓடி வேலியில் மோதியது. முன்னங்கால் தோல் முழ நீளத்துக்குக் கிழிந்து இரத்தம் வடிய, அதன் செந்நிறச் செவலைக் கன்று அதைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மாடுகளிடம் ஃபிளாஷை எடுத்துச் செல்வதில்லை. தலைக்கு மேல் இரையும் ட்ரோனும் அதே கேட்டைச் செய்யும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடி வியூஃபைண்டர் உள்ள கேமராவில் டெலி லென்ஸைப் பொருத்திச் சூரியனை நேராகப் பார்ப்பது விழித்திரையையே கருக்கிவிடும். திரையைப் பார்த்தே படத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பொழுதை மாட்டின் பின்னால் வைத்து நிழலுருவாக எடுப்பதானால், கொம்பின் வளைவும் திமிலும் பிரிந்து தெரியும்படி அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பதே நல்லது. தை தொடக்கத்தில் மாலை 6.15 மணியளவில் பொழுது விழுந்துவிடும். பலரும் அத்துடன் கிளம்பிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த படங்கள் அதற்குப் பிந்திய கால் மணி நேரத்தில் கிடைத்தவை: குளம்படிப் புழுதி தணிந்திருக்கும், மயிலையின் முதுகில் வானத்தின் செம்மை படிந்திருக்கும், புல்லைக் கடித்திழுக்கும் ஓசை வேலியோரம் வரை கேட்கும்.