மலிவு விசிஆரை மதிப்பிடத் திரையின் ஓரங்களைப் பாருங்கள்

வீட்டில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற நினைத்தால் முதலில் தேவைப்படுவது ஒழுங்காக ஓடும் விஎச்எஸ் விசிஆர், அதாவது அந்த வகைக் கேசட்டை ஓட்டும் பெட்டி. புதிது இனி கிடைக்காது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கிடைப்பதெல்லாம் கைமாறி வரும் பெட்டிகள்தான். அவற்றில் குறைந்த விலைக்கு வருவதைச் சோதிக்க, முகப்பில் எத்தனை பொத்தான் இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. நாடா போகும் பாதை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் பெரும்பாலும் திரையிலேயே தெரிந்துவிடும்.

விஎச்எஸ் நாடாவின் அகலம் 12.65 மி.மீ. பால் (PAL, இந்தியாவில் வழங்கிய டிவி முறை) முறையில் அது நொடிக்கு 23.39 மி.மீ. தான் நகர்கிறது. அந்த வேகம் ஒலிக்குப் போதும், படத்துக்குப் போதாது. படத்தின் ஒளிச் சைகை 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் வரை மாறும் அலையாக நாடாவில் பதிகிறது. ஆகவே நாடாவில் எழுதிப் படிக்கும் காந்த முனையான ஹெட்டையும் சேர்த்துச் சுழற்றுகிறார்கள். 62 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்ற உருளை சற்றே சாய்ந்தபடி நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது (அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் ஏறத்தாழ 1800). அதில் எதிரெதிரே இரண்டு ஹெட்டுகள். நாடா டிரம்மைப் பாதிச் சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தழுவிச் செல்கிறது. ஒவ்வொரு பாதிச் சுற்றிலும் ஒரு ஹெட், நாடாவில் சுமார் 97 மி.மீ. நீளமும் 49 மைக்ரான் அகலமும் உள்ள ஒரு சாய்கோட்டை எழுதும் அல்லது படிக்கும். இப்படிக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 4.85 மீட்டர். அதிலும் ஓர் அலையின் நீளம் ஒரு மைக்ரானைச் சுற்றியே வரும். கண்ணுக்குத் தெரியாத அழுக்குகூடப் படத்தை அழித்துவிடுவது இதனால்தான்.

ஒரு சாய்கோடு என்பது திரையில் ஒரு ஃபீல்டு, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாக வரையும் பாதிப் படம். கோட்டின் தொடக்கம் படத்தின் உச்சி, முடிவு படத்தின் அடி. எனவே திரையின் மேற்பகுதியில் மட்டும் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் பட்டை நின்றால், நாடா டிரம்முக்குள் நுழையும் பக்கத்து வழிகாட்டி உருளையின் உயரம் பிசகியிருக்கிறது. அடிப்பகுதியில் அகலமான பட்டை நின்றால் வெளியேறும் பக்கத்து உருளை. திரை முழுக்கப் பனி கொட்டினால் ஹெட். ஆனால் அடியோரத்தில் சில வரிகள் மட்டும் கலைந்து தெரிவது கோளாறு அல்ல. ஒரு ஹெட்டிலிருந்து மற்றதற்கு மாறும் இடம் அது. பழைய டிவிகள் படத்தின் ஓரத்தை மறைத்துவிடும், கணினி அப்படியே காட்டும். இதைப் பார்த்து நல்ல மெஷினைத் தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர்.

உச்சியில் படம் ஒரு பக்கமாக வளைந்து கொடிபோல் ஆடினால் நாடாவின் இழுவிசையைச் சந்தேகிக்க வேண்டும். இடது ரீலைச் சுற்றியிருக்கும் மெல்லிய டென்ஷன் பேண்டின் உள்ஒட்டு தேய்ந்தாலோ உரிந்தாலோ இது நடக்கும். ஆனால் பல எல்சிடி டிவிகளும், படத்தைக் கணினியில் ஏற்றும் சில கேப்சர் கருவிகளும் சரியான மெஷினிலிருந்து வரும் சைகையைக்கூட வளைத்துக் காட்டும். முடிந்தால் பழைய குழாய் டிவியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

எந்தக் கேசட்டில் சோதிக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். அதே மெஷினில் பதிந்ததை அதிலேயே ஓட்டினால் படம் நன்றாகத்தான் இருக்கும். வழிகாட்டி உருளை கோணலாக இருந்தால் எழுதியதும் கோணல், படிப்பதும் அதே கோணல். கம்பெனியில் பதிந்து விற்ற, இழந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாடாச் சுருளில் வெண்பொடி போலப் பூஞ்சை தெரிந்தால் அதை உள்ளே விடவே கூடாது. அடுத்தடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் அது பரவும்.

கேசட்டைப் போட்டதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உள்ளே இழுத்து, நாடாவை டிரம்மில் சுற்றி, படம் வரும்வரை தடங்கல் இருக்கக் கூடாது. பாதியில் நின்று தானாக வெளியே தள்ளினால் பெரும்பாலும் மோட் சுவிட்சின் (உள்பாகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மெஷினுக்குச் சொல்வது) தொடுமுனைகளில் அழுக்கு, அல்லது உள்ளே இழுக்கும் லோடிங் பெல்ட் தளர்ச்சி. சில நொடி ஓடிவிட்டு நின்றால், வலது ரீல் சுழலவில்லை என்று சென்சார் சொல்லியிருக்கிறது. ரப்பர் வழுவழுப்பான ஐட்லரே (ரீலைச் சுழற்றும் சிறு சக்கரம்) வழக்கமான குற்றவாளி, நாடாவைத் தின்பதும் அதுதான். முழு நீளமும் ரீவைண்ட் செய்யுங்கள். கடைசியில் திணறினால் அங்கேயும் ரப்பர் வேலை காத்திருக்கிறது. பெல்ட்டும் ஐட்லர் வளையமும் மலிவு, மாற்றிவிடலாம்.

பத்து நிமிடம் பிளே செய்தபின் கேசட்டை எடுத்து, பக்கவாட்டுப் பித்தானை அழுத்தி மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். ஓரம் மடங்கவோ சுருங்கவோ கூடாது. மேலோரத்தில் சாதாரண ஒலித்தடம், கீழோரத்தில் நொடிக்கு 25 துடிப்புகள் பதிந்த கன்ட்ரோல் தடம். கீழோரம் நைந்தால் டிராக்கிங், அதாவது ஹெட் சாய்கோட்டின் மேலேயே ஓடும் ஒழுங்கு, நிலைக்காது. நல்ல கேசட்டுக்கே டிராக்கிங் திருகியை ஒரு பக்கக் கடைசிவரை தள்ள வேண்டியிருந்தால், அந்தத் துடிப்பைப் படிக்கும் ஹெட் இடம் நகர்ந்திருக்கிறது.

பனி கொட்டும் ஹெட் அழுக்கா, தேய்மானமா? திடீரென வந்தால் அழுக்கு. சிறுகச் சிறுக மோசமாகி, பிரகாசமான விளிம்புகளின் வலப்பக்கம் கருங்கோடுகள் இழுத்தால் தேய்மானம். துடைக்க, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி, சாமாய் என்ற மெல்லிய பதனிட்ட தோலில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து டிரம்மின் பக்கத்தில் அசையாமல் பிடியுங்கள். மறு கையால் டிரம்மின் மேற்புறத்தைப் பிடித்துச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஃபெரைட் நுனி உடைந்துவிடும். பஞ்சுக்குச்சி வேண்டாம், இழை நுனியில் மாட்டும். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கியபின்னும் மின்னேற்றம் வைத்திருக்கும், அந்தப் பக்கம் விரல் போகக் கூடாது. மூடி திறந்தபடி ஓட்டிப் பார்க்கும்போது பிரகாசமான விளக்கும் ஆகாது. நாடா முடிவை ஒளியால் கண்டறியும் சென்சார் குழம்பி, பிளே ஏற்காமல் அடம்பிடிக்கும்.

நான்கு ஹெட் தேவையா? எல்பியில் (பாதி வேகத்தில்) பதிந்த கேசட் நிறைய இருந்தால், அல்லது பாஸ் (pause) போட்டால் படம் தெளிவாக நிற்க வேண்டும் என்றால், ஆம். இரண்டு ஹெட் மெஷினில் பாஸ் படத்தில் இரைச்சல் பட்டை வருவது அதன் இயல்பு. எஸ்பி (வழக்கமான வேகத்தில் பதிந்த) கேசட்டை ஓட்ட மட்டும் என்றால் நல்ல நிலையில் உள்ள இரண்டு ஹெட் மெஷினே போதும். ஹைஃபை ஒலிக்கு (டிரம்மிலுள்ள தனி ஹெட்டுகளால் பதியும் உயர்தர ஒலி) கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். கேசட் ஹைஃபையில் பதிந்ததாக இருந்தும் ஒலி அடிக்கடி விட்டுவிட்டு மங்கினால் டிரம்மிலுள்ள ஒலி ஹெட்டும் வலுவிழந்திருக்கலாம்.

டிரம் தேய்ந்த பெட்டிக்கு விலை பேசினால், அதன் பெல்ட், ரீல் சென்சார், பவர் சப்ளை, ரிமோட் ஆகியவற்றின் மதிப்பில் மட்டும் பேசுங்கள். அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும்போது உதிரிபாகத்துக்கு உதவும்.