சென்னையின் காலநிலைச் செயல் திட்டம்: 1.44 கோடி டன் கரியைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது?

சென்னை மாநகராட்சியிடம் ஒரு காலநிலைச் செயல் திட்டம் இருக்கிறது. 2023 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அதை வெளியிட்டார். 2050-க்குள் நகரின் நிகர கரிம வெளியேற்றத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் இலக்கு. அதாவது வெளியேற்றத்தை முடிந்தவரை குறைத்துவிட்டு, மிஞ்சுவதை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். இந்தியா தனக்கு வைத்திருக்கும் கெடு 2070. சென்னை அதற்கு 20 ஆண்டு முன்பே போய்ச் சேர நினைக்கிறது.

இது மனு போட்டுப் பணம் வாங்கும் திட்டம் இல்லை. மீறினால் அபராதமும் கிடையாது. நகரம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட கணக்கும் கால அட்டவணையும்தான் இந்தத் திட்டம். வரைவு 2022-ல் வந்தபோது முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தமிழில் வேண்டும் என்று பலர் கேட்க வேண்டியிருந்தது. வெள்ளமும் வெயிலும் யாரை முதலில் தாக்குமோ அவர்கள் படிக்கிற மொழியில்தான் இது முதலில் வந்திருக்க வேண்டும். அதனால் இதில் உள்ளதை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. 2018-19-ல் சென்னை வெளியேற்றியது சுமார் 1 கோடியே 43 லட்சத்து 80 ஆயிரம் டன் கரியமில வாயு. மீத்தேன் போன்ற வாயுக்களையும் அதற்கு ஈடாக மாற்றிச் சேர்த்த கணக்கு இது. சுருக்கமாகக் ‘கரி’ என்கிறேன். தலைக்கு 1.9 டன். இதில் 71 சதவீதம் வீடு, கடை, அலுவலகம், தொழிற்சாலைகளில் செலவாகும் மின்சாரத்திலிருந்தும் எரிபொருளிலிருந்தும் வருகிறது. போக்குவரத்து 16 சதவீதம், குப்பையும் கழிவுநீரும் 13 சதவீதம். அந்த அளவைவிட 2030-ல் வெளியேற்றம் 1 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது, 2040-ல் 40 சதவீதம் குறைய வேண்டும், 2050-ல் பூஜ்ஜியம். இதுதான் போட்டிருக்கும் படிக்கட்டு. நகரமும் மக்கள்தொகையும் வளர்ந்துகொண்டே இருக்கும்போது 1 சதவீதத்தோடு நிறுத்துவதே பெரிய வேலைதான்.

காரும் பஸ்ஸும் விடும் புகைதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் நகரத்தின் கரி என்றாலே வண்டிப் புகை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கணக்குப்படி பெரிய பங்கு சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிறது. மின்சாரம் எங்கே தயாரானாலும் சரி, அதைச் செலவழிக்கும் ஊரின் கணக்கில்தான் அதன் கரியும் சேரும். தி. நகர் துணிக்கடையில் நாள் முழுக்க ஓடும் ஏசிக்கு மின்சாரம் ஏதோ ஓர் அனல் மின் நிலையத்திலிருந்து வரலாம். ஆனால் டன் சென்னையின் தலையில் விழும்.

சிக்கல் என்னவென்றால், அந்த மின்சாரத்தை நிலக்கரியில் எடுப்பதா காற்றிலும் வெயிலிலும் எடுப்பதா என்று முடிவு செய்வது மாநகராட்சி இல்லை. அது மாநில அரசின் கையிலும் மின்வாரியத்தின் கையிலும் இருக்கிறது. பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது, மெட்ரோ தனி நிறுவனம், பெரிய கட்டடங்களுக்கு அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) வழியே. மாநகராட்சியின் கையில் நேரடியாக இருப்பவை குப்பை, நடைபாதை, தெருவிளக்கு, தன் சொந்தக் கட்டடங்கள். ஆகவே இந்தத் திட்டத்தில் எந்த வரியைப் படித்தாலும், இதைச் செய்ய வேண்டியது எந்தத் துறை என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். அதைக் கேட்காவிட்டால் 2050 வரை ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டிக்கொண்டே இருக்கும்.

மின்சாரத்தில் குடும்பங்கள் இன்றே பயன்படுத்தக்கூடிய ஒரு வழி உண்டு. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மொட்டைமாடி சோலாருக்கு மானியம் கிடைக்கிறது: முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக 78,000 ரூபாய். திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும். அங்கே பதிவுபெற்ற நிறுவனத்திடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். பேனல் பொருத்தி, இணைப்புக் கொடுத்த பிறகு மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். 3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடி போதும். நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். இந்திய மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரி என்று வைத்தால், ஆண்டுக்கு 3 டன் மிச்சம். ஒன்றரை ஆளின் ஆண்டுப் பங்கு அது.

சரி, இதில் எல்லோருக்கும் லாபமா? இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பதால், குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குப் பெரிதாக மிஞ்சாது. ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகள்தான் முதலில் போட வேண்டியவை. கரியும் அங்கேதான் அதிகம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாடி சொந்தமில்லை, அதை இந்த மானியம் தீர்க்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் பெயரில் லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு, வண்டி சார்ஜ் செய்யும் இடம் இவற்றுக்காகப் போடலாம். கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வரும்.

குப்பையும் கழிவுநீரும் சேர்ந்தே 13 சதவீதம்தான், ஆனாலும் எனக்குக் குப்பைதான் முக்கியமாகப் படுகிறது. முழுக்க மாநகராட்சியும் நாமும் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் சோற்று மிச்சமும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து புதைந்து, காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. அதே தோல் ஈரக் குப்பையாகத் தனியே போனால் உரமாகும், எரிவாயுவாகும். தரம் பிரித்துக் கொடுப்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் ஹோட்டல், மண்டபம், குடியிருப்பு வளாகம் போன்றவை மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும். பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் மறுபடி ஒன்றாகக் கொட்டப்பட்டால் புகார் செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் தூய்மைப் பணியாளரைக் கடிந்துகொள்ளாதீர்கள். வண்டியில் தனித்தனித் தொட்டி இல்லாதது அவர் தவறல்ல. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்க்கிறார்கள். அனல் மின் நிலையப் புகையை இத்தனை காலம் சுவாசித்தவர்கள் அவர்கள். ஈரக் குப்பையை எல்லா வார்டிலும் ஒழுங்காகப் பிரித்தால் அங்கே எரிக்க வேண்டியதே பெருமளவு குறையும்.

போக்குவரத்தில் 2050-க்குள் 80 சதவீதப் பயணங்கள் பஸ், ரயில், நடை, சைக்கிளில் நடக்க வேண்டும், பஸ்கள் எல்லாமே மின்சாரத்தில் ஓட வேண்டும் என்கிறது திட்டம். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து முதல் 120 மின்சாரப் பஸ்கள் கிளம்பின. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காலநிலைத் திட்டம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை, ஆனால் பஸ்ஸில் ஆளைத் தக்கவைக்க இதைவிட நேரடியான வழி இல்லை. அப்புறம் நடைபாதை. பஸ் நிறுத்தம் வரை நடக்க முடியாவிட்டால் மின்சாரப் பஸ் வந்தும் பயனில்லை. இது மாநகராட்சியின் வேலை.

வெள்ளம், குடிநீர், வெப்பத்தால் பாதிக்கப்படுவோர் பற்றியும் திட்டத்தில் பகுதிகள் இருக்கின்றன. அவை தனியாக எழுத வேண்டியவை.

யாரைக் கேட்பது? சென்னையின் 200 வார்டுகளுக்கும் வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் விதிப்படி உண்டு. பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் கவுன்சிலரிடம் கேட்கலாம்: நம் வார்டின் ஈரக் குப்பை எங்கே போகிறது, மாநகராட்சிப் பள்ளி மாடியில் சோலார் எப்போது? ஒவ்வொரு துறையின் செலவும் எவ்வளவு கரியைக் குறைக்கும் என்று பட்ஜெட்டிலேயே காட்டும் முறையை ஓஸ்லோ 2016-ல் தொடங்கியது. மும்பை மாநகராட்சி 2024-ல் காலநிலை பட்ஜெட் அறிக்கை வெளியிட்டது. சென்னையில் அது வார்டு வாரியாக வேண்டும் என்றும் கேளுங்கள். வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.