திராட்சைக் கொத்துக்குள் கரித்தூள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தேன். வெளியிலிருந்து பார்க்கக் கொத்து அழகாகத்தான் இருந்தது. இரண்டு விரலால் பழங்களை விலக்கினால், உள்ளே ஒன்று வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரமெல்லாம் கரித்தூளைத் தூவிய மாதிரி கறுப்பு. தொட்டதும் விரலில் ஒட்டியது.

"அந்த ஒத்தப் பழத்தக் கிள்ளிப் போட்டா சரியாப் போச்சும்மா" என்றார் தோட்டத்து அண்ணன்.

அப்படியே சாப்பிடும் பழத்துக்கு அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். அழுகினதை நாமே ஒதுக்கிவிடுகிறோம். சாறு பிழியும்போதும் உலர்திராட்சை போடும்போதும்தான் சிக்கல். அங்கே யாரும் ஒவ்வொரு பழமாகப் பார்ப்பதில்லை.

அந்தக் கறுப்புப் பொடி ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சையின் வித்துகள். அதில் கார்பனேரியஸ் என்கிற இனம்தான் மோசம். அது உண்டாக்கும் நஞ்சின் பெயர் ஓக்ராடாக்சின் ஏ. முதல் அடி சிறுநீரகத்துக்கு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 1993-லேயே சேர்த்துவிட்டார்கள். கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது. ஐரோப்பாவில் ஒயினுக்கும் திராட்சைச் சாற்றுக்கும் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், அதாவது ஆயிரம் கிலோவில் 2 மில்லிகிராம். இதைக் கண்ணால் பார்த்தோ மோந்தோ நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்க வழியில்லை.

அதனால்தான் முன்கூட்டியே கணிக்கப் பார்க்கிறார்கள். 2000-க்குப் பிறகு இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ் போன்ற மத்திய தரைக்கடல் நாடுகளில் இதற்கென்றே பெரிய ஆய்வு நடந்தது. காய் நிறம் மாறத் தொடங்கும் நாளிலிருந்து அறுவடை வரை எவ்வளவு வெயில், எவ்வளவு மழை என்று கூட்டிப் பார்த்து, எந்த வட்டாரத்தில் ஆபத்து அதிகம் என்று வரைபடம் போட்டார்கள். தெற்கே போகப் போக, கிழக்கே போகப் போக ஆபத்து கூடியது.

இதில் பலரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. நானும் ஆரம்பத்தில் விழுந்தேன். அந்தப் பூஞ்சை நன்றாக வளர்வது 30 டிகிரிக்கு மேல். நஞ்சை அதிகம் சுரப்பதோ 15 முதல் 20 டிகிரிக்குப் பக்கத்தில். ஆக, கறுப்பு அதிகமாகத் தெரிகிற கொத்தில்தான் நஞ்சும் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. சூடான பகலைத் தொடர்ந்து வரும் குளிர்ந்த, ஈரமான இரவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, அந்த வரைபடத்தை அப்படியே கம்பத்துக்குக் கொண்டுவந்தால்? வேலைக்கு ஆகாது. அங்கே ஆண்டுக்கு ஒரு அறுவடை. இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறிக்கிறார்கள். ஊருக்கு ஒரே எச்சரிக்கை விட்டு என்ன பயன்? தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து தேதியிலிருந்து கணக்குப் போட்டால்தான் உண்டு. அப்புறம், பூஞ்சை உள்ளே போக ஒரு காயம் வேண்டும். அங்கே பெரும்பாலும் ஓர் அந்துப்பூச்சியின் புழு அந்தக் காயத்தைச் செய்கிறது. இங்கே நான் பார்த்த வரை வறட்சிக்குப் பின் திடீரென்று பெய்த மழை, பறவைக் கொத்தல், சாம்பல் நோய் வந்து கெட்டிப்பட்டுப் பிளந்த தோல். மழைமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

உலர்திராட்சையில் காயவைக்கும் முதல் சில நாட்கள்தான் முக்கியம். பழத்தில் ஈரம் இன்னும் இருக்கும், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். மகாராஷ்டிரத்தில் சாங்லி பக்கம் பந்தல் போட்டு உலர்த்தும்போது பருவம் தப்பி ஒரு மழை வந்தால் போதும். ஒருமுறை ஒரு வியாபாரி ஒரே பெட்டியின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினார். சோதித்தேன், சுத்தம். அதை நம்பி எழுதிக் கொடுத்தும் விட்டேன். பிறகு பல பெட்டிகளில் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்துக் கலந்து பார்த்தபோது கணக்கு மாறியது. ஒரு கொத்தில் குவிந்திருக்கும், பக்கத்துக் கொத்தில் துளியும் இருக்காது. இந்த நஞ்சின் குணம் அது. எங்கே தோண்டிப் பார்க்க வேண்டும் என்று கை காட்டுவது வரைதான் கணிப்பின் வேலை. சோதனைக்கு அது மாற்றாகாது.

அந்த வெடித்த பழத்தைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு எடுத்து வந்தேன். பூஞ்சை வளர்ப்பதற்கான, தேங்காய்ப் பால் சேர்த்த ஊடகத்தில் அந்தக் கறுப்புப் பொடியைத் தொட்டு வைத்தேன். (ஆமாம், நம் வீட்டுத் தேங்காய்ப் பால்தான், நஞ்சு சுரக்கும் பூஞ்சையை அடையாளம் காண அது ஒரு பழைய வழி.) சில நாள் கழித்து விளக்கையெல்லாம் அணைத்துப் புற ஊதாக் கதிரில் வைத்தால், கறுப்பு வட்டத்தைச் சுற்றி மங்கலாக நீலம். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பயிர் மருந்துக் கடைக்குத்தான் போவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு வரிசையாகக் கொத்துகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். வெடிப்பு இருந்ததெல்லாம் வாய்க்காலை ஒட்டிய இரண்டு வரிசையில்தானாம்.